நவம்பரில் வெனிஸ்

“வெனிஸா? ஒரு நாள் போதுமே.” ஐரோப்பாப் பயணம் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பதில் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. பத்து நாளில் ஆறேழு நாடு என்று போடப்படும் சுற்றுலாத் திட்டங்களிலும் வெனிஸுக்குக் கிடைப்பது ஒரு பகல்தான். காலையில் பேருந்து வந்து நிற்கும், படகில் சான் மார்க்கோ சதுக்கம், ஒரு கண்ணாடிப் பட்டறை, கோண்டோலாவில் அரை மணி நேரம், மாலைக்குள் மறுபடி பேருந்து. இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு அறிவுரை: “போவதென்றால் நவம்பரில் மட்டும் போகாதே, ஊருக்குள் கடல் ஏறிவிடும்.” வரும் நவம்பர் வெனிஸுக்கு என்று முடிவான பிறகு இந்த இரண்டு பேச்சும் முன்னைவிட அதிகமாக உறுத்துகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வெனிஸை இடங்களின் பட்டியலாகப் பார்க்கும் பழக்கம். பட்டியலாகப் பார்த்தால் ஒரு பகல் போதும்தான். ஆனால் அந்த ஊர் ஓடுவது நேரங்களை வைத்து. கூட்டம் வரும் நேரம், கூட்டம் வடியும் நேரம், கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம். இவற்றைக் கணக்கில் எடுத்தால் அங்கே குறைந்தது ஐந்து இரவாவது வேண்டும், அதற்கு உகந்த மாதம் நவம்பர் என்று உறுதியாகவே சொல்வேன்.

காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு, ஐந்து வரை வெனிஸில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அங்கே இரவு தங்காதவர்கள். நகராட்சியே இந்த நேரத்தை அளந்து வைத்திருக்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல் வசந்த, கோடை மாதங்களின் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேர வருகையாளர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வந்தது. அது பொருந்துவது காலை 8.30 முதல் மாலை 4 வரை மட்டுமே. 2025-இல், கடைசி நாட்களில் பதிவு செய்பவர்களுக்கு அதை 10 யூரோவாக்கினார்கள். ஊருக்குள் இரவு தங்குபவருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அந்தக் குறிப்பிட்ட நாட்களில் வந்தால் இணையத்தில் விலக்குக்குப் பதிவு செய்து கியூஆர் குறியீடு வைத்திருக்க வேண்டும். நவம்பரில் இந்தத் தொல்லை எதுவுமில்லை. நவம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் நாலரை மணிக்கெல்லாம் மறைந்துவிடும் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் அது பெரிய லாபம். கூட்டம் கலையும் நேரமும் விளக்கேற்றும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன, இரவுச் சாப்பாட்டுக்கு முன் மூன்று மணி நேரம் காலியான சந்துகள் கைக்குக் கிடைக்கின்றன.

கதவுகள் எழுந்த நாள்

நவம்பரைப் பற்றிய பயம் வெறும் வதந்தி இல்லை. 2019 நவம்பர் 12 இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் வெனிஸில் கடல் 187 செ.மீ. உயரத்தைத் தொட்டது. அளவுகள் பதிவாகத் தொடங்கிய காலத்திலிருந்து இதைவிட உயர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: 1966 நவம்பர் 4-இன் 194 செ.மீ. 2019-இல் அன்று மாலை வந்த கணிப்பு இந்த அளவுக்கு எச்சரிக்கவில்லை. ஊரைச் சூழ்ந்த காயலுக்கு மேலேயே உருவான ஒரு சிறு புயல் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்றோடு கடைசி நேரத்தில் தண்ணீரைத் தள்ளிவிட்டது. சான் மார்க்கோ பேராலயத்தின் நிலவறை மூழ்கியது, வாப்பரெட்டோ எனப்படும் பொதுப் போக்குவரத்துப் படகுகள் கரைமேல் ஏறி நின்றன, செய்தித்தாள் கடை ஒன்று அப்படியே அடித்துச் செல்லப்பட்டது. அதே வாரத்திலேயே தண்ணீர் இன்னும் மூன்று முறை 140-ஐத் தாண்டியது. ஒரே வாரத்தில் நான்கு முறை இப்படி நடந்ததாக அதற்கு முன் பதிவு கிடையாது.

ஏறக்குறைய பதினொரு மாதம் கழித்து, 2020 அக்டோபர் 3 அன்று, வானிலை மறுபடி அதே போலத் திரண்டது. அன்றுதான் மோசே எனப்படும் தடுப்புக் கதவுகள் நிஜமான ஓதத்துக்கு, அதாவது கடலேற்றத்துக்கு, எதிராக முதல் முறையாக எழுப்பப்பட்டன. லீடோ, மலமோக்கோ, கியோஜா என்று காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களில் மொத்தம் 78 கதவுகள். மற்ற நாட்களில் இவை தண்ணீர் நிரம்பிய பெட்டிகளாகக் கடலடியில் கிடக்கும், கரையிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் தண்ணீர் வெளியேறும், மஞ்சள் நிறக் கதவு கீலில் சுழன்று மேலே வரும். அன்று வெளியே கடல் சுமார் 130 செ.மீ. வரை ஏறியது, உள்ளே 70-ஐ ஒட்டி நின்றது. வேலை தொடங்கியது 2003-இல். ஊழல் வழக்குகள், கைதுகள், மீண்டும் மீண்டும் தள்ளிப்போன கெடுக்கள், 500 கோடி யூரோவைத் தாண்டிய செலவு. இதெல்லாம் கடந்து, எழும்பவே எழும்பாது என்று ஊரே முடிவுகட்டியிருந்த கதவுகள் எழுந்தன. சான் மார்க்கோ சதுக்கம் உலர்ந்தே கிடந்தது.

வெனிஸில் நவம்பர் மாதம் இரண்டாகப் பிரிவது அந்த நாளில்தான். அதற்கு முன் நவம்பர் பயணம் ஒரு சூதாட்டம். அதற்குப் பின் அது திட்டமிடக்கூடிய காரியம். இடையில் ஒரு சறுக்கல் நடந்தது: 2020 டிசம்பர் 8. சோதனைக் காலமாதலால் அப்போது 130 செ.மீ. கணிப்பு வந்தால்தான் கதவைத் தூக்குவார்கள். கணிப்பு அதற்குக் கீழே இருந்தது, கடல் 138-க்கு ஏறியது, ஊர் நனைந்தது. இப்போதைய எல்லை 110 செ.மீ. 2022 நவம்பர் 22 அன்று வெளியே கடல் 170-ஐத் தாண்டியபோதும் ஊருக்குள் பெரிய வெள்ளம் வரவில்லை. கதவுகள் இல்லாதிருந்தால் அதுவும் வரலாற்றின் மிக மோசமான வெள்ளங்களில் ஒன்றாகியிருக்கும்.

இதைக் கொண்டாடும்போதே ஒரு கவலையும் சேர்ந்தே எழுகிறது. கதவு மூடியிருக்கும் நேரத்தில் காயலுக்கும் கடலுக்கும் இடையே நீர்ப் பரிமாற்றம் நின்றுபோகிறது, காயலின் உவர்ச் சதுப்புத் திட்டுகளுக்குப் போக வேண்டிய வண்டலும் குறைகிறது. கடல் மட்டம் உயர உயர, கதவை மூட வேண்டிய நாட்களும் கூடும். சதுப்பு போய்விட்டால் ஊருக்கு இருக்கும் இயற்கை அரணும் போய்விடும். வெனிஸை நேசிக்கும் எவருக்கும் மோசே ஒரு நிரந்தரத் தீர்வாகத் தெரிய வாய்ப்பில்லை. கொஞ்சம் அவகாசம் வாங்கித் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஓதக் கணிப்பைப் படிக்கும் முறை

நகராட்சியின் ஓதக் கணிப்பு மையம் அடுத்த சில நாட்களுக்கான உயரத்தையும் நேரத்தையும் தினமும் வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலியும் உண்டு. இந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். “110 செ.மீ.” என்றால் இடுப்பளவு தண்ணீர் என்று நினைத்து அறையை ரத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். இந்த அளவுக்கான பூஜ்யம் 1897-இன் சராசரிக் கடல் மட்டம். கடல் அதற்குப் பிறகு உயர்ந்திருக்கிறது, நிலமும் தாழ்ந்திருக்கிறது, ஆகவே சாதாரண நாளின் சராசரியே இப்போது 30 செ.மீ.க்கு மேல். காலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டுமானால் கணிப்பிலிருந்து அந்தத் தெருவின் உயரத்தைக் கழிக்க வேண்டும். சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று, 80 செ.மீ.யைத் தாண்டியதும் அங்கே வடிகால் வழியாகத் தண்ணீர் எட்டிப்பார்க்கத் தொடங்கும். 110 செ.மீ. வந்தால்கூட ஊரில் நனைவது எட்டில் ஒரு பங்குதான், மற்ற இடங்கள் உலர்ந்தே இருக்கும்.

கதவு எழுவது 110-க்குத்தான் என்பதால் 80-க்கும் 110-க்கும் இடைப்பட்ட நாட்கள் மோசேக்குப் பிறகும் மிச்சம் இருக்கின்றன. அத்தகைய நாட்களில் சதுக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். பேராலயத்தைச் சுற்றி 2022-இல் கண்ணாடித் தடுப்புச் சுவர் வைத்துவிட்டதால் அது பாதுகாப்பாக இருக்கிறது. முக்கியமான நடைபாதைகளில் மரப்பலகை மேடைகள் போடுவார்கள். அந்த மேடைமேல் நின்று படம் எடுத்து வழியை அடைக்கக் கூடாது, ஊர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் பாதை அது. ஓதம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், அதனால் உச்சம் வந்துபோன இரண்டு மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். அந்த நேரத்துக்கு அக்கதெமியா ஓவியக்கூடத்தையோ சான் ரோக்கோ ஓவிய மண்டபத்தையோ வைத்துக்கொண்டால் இழப்பு ஒன்றுமில்லை.

பயணத் தேதி போடும்போது நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி எங்கே விழுகின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. அவற்றை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் வீச்சு அதிகம். ஆனால் பெரிய வெள்ளங்களுக்கு நிலா மட்டும் காரணமாகாது. தென்கிழக்கிலிருந்து வரும் சிரோக்கோ காற்று நீண்டு ஒடுங்கிய ஏட்ரியாட்டிக் கடலின் தண்ணீரை வடக்கு மூலைக்குத் தள்ள வேண்டும், கூடவே காற்றழுத்தமும் தாழ வேண்டும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரும். காற்று நின்ற பிறகும் அந்தக் கடல் முழுவதும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும், ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 22 மணி நேரம். அதனால்தான் மோசமான நாளுக்கு மறுநாளும் எச்சரிக்கை தொடர்கிறது. இங்கிருந்து ரப்பர் பூட்ஸ் சுமந்து போக வேண்டாம், தேவைப்பட்டால் அங்கேயே காலணிக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறைகள் கிடைக்கும். அதைவிட முக்கியம் நல்ல பிடிப்புள்ள, நீர் புகாத காலணி. பாலப் படிகளின் இஸ்த்ரியக் கல் ஈரத்தில் வழுக்கும், நவம்பரில் அந்தக் கல் பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும்.

விசா, முதல் வேலை

நவம்பர் பயணத்துக்கான வேலை வெயில் காலத்திலேயே ஆரம்பிக்கிறது. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரை நீளும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பது சிரமம் என்பதால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் தோதானது. கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, போகும் நாளும் திரும்பும் நாளும் சேர்ந்து, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொருந்த வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எங்கே அதிக இரவுகளோ அந்த நாட்டிடம். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். நேரம் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டிடம் விண்ணப்பித்துவிட்டு விடுதிப் பதிவெல்லாம் இத்தாலியில் காட்டினால் மறுப்பு வர நல்ல வாய்ப்புண்டு. விடுதிப் பதிவில் ஒரு இரவு விட்டுப்போவது, பதிவில் உள்ள பெயருக்கும் பாஸ்போர்ட் பெயருக்கும் எழுத்து வேறுபாடு, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று போடப்பட்ட பெருந்தொகை: கேள்வி எழுவது இந்த மூன்றிலும்தான். நம்மூரில் முதலெழுத்தும் தந்தை பெயரும் படுத்தும் பாட்டுக்கு, எல்லாப் பதிவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுவது ஒன்றே வழி. கைரேகை கொடுத்து 59 மாதம் ஆகவில்லையென்றால் பழையதே பயன்படலாம். கடந்த மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டாண்டு பலமுறை நுழைவு விசா கிடைக்கும் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரலில் வந்தது. பழைய விசாக்களின் நகலைத் தவறாமல் இணைக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக எல்லையில் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன, எனவே அடுத்த விமானத்துக்கு இடைவெளி கொஞ்சம் தாராளமாக விடலாம்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹா வழியாக ஒரே மாற்றத்தில் வெனிஸ் சேரலாம். தெற்கிலிருந்து இறங்கும்போது வலப்பக்க ஜன்னலில் இருப்பவருக்கு முழு ஊரும் காயலின் நடுவே தெரியும். அதற்காகவே இருக்கைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். விமான நிலையத்தின் பெயர் மார்கோ போலோ. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் விவரித்துவிட்டுப் போன அதே வெனிஸ்காரர். அவர் குடும்பத்தின் வீடிருந்த முற்றம் ரியால்டோ பாலத்தின் பக்கத்தில் இன்றும் அவர் நூலின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எங்கே தங்குவது

காயலுக்கு வெளியே பெருநிலத்தில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்காதீர்கள். ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தானே, அறை வாடகை பாதிதானே என்ற கணக்கு காகிதத்தில் சரியாகத் தெரியும். ஆனால் அது அதிகாலையையும் இரவையும் விற்றுவிட்டு நடுப்பகலை வாங்கும் பேரம். நவம்பரில் ஊருக்குள்ளேயே வாடகை இறங்கியிருக்கும், சலூத்தே ஆலய விழா வரும் 21-ஆம் தேதியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள் மட்டும் விதிவிலக்கு. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்க்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சோதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. என் தேர்வு கன்னரேஜோவின் வடபகுதி. நீண்ட நேரான கால்வாய்கள், கரையோர உணவகங்கள், வடக்கே தீவுகளுக்குப் போகும் படகுத்துறை. தோர்சோதூரோவில் சாத்தெரே கரையை ஒட்டிய பகுதியும் நல்லது.

முகவரி முறையைப் போகும் முன்பே புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு எண் தெருவுக்குரியது கிடையாது, முழுப் பகுதிக்கும் உரியது. “காஸ்தெல்லோ 5432” என்று மட்டும் எழுதியிருக்கும், அடுத்த எண் வேறு சந்தில் இருக்கலாம். கைப்பேசி வரைபடமோ சிலநேரம் கால்வாயின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பதிவு செய்யும்போதே விடுதியிடம் நான்கு கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து அறைவரை எத்தனை படிக்கட்டுப் பாலம், அறை எந்த மாடியில், லிஃப்ட் உண்டா. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊரில், அநேகமாக எல்லாமே படி வைத்தவை, 23 கிலோ பெட்டியோடு மூன்று பாலம் ஏறி இறங்கினால் அன்றைய நாளே முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு சிறு பெட்டி, முதுகுப்பை, போதும்.

வாடகைக்கு விடப்படும் வீடுகளைத் தவிர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். தீவுநகரில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள், இப்போது 50,000-க்கும் கீழே. ரியால்டோ அருகே ஒரு மருந்துக்கடை ஜன்னலில் அந்த எண்ணை மின்பலகையில் காட்டுகிறார்கள், அது குறைந்துகொண்டே வருகிறது. குடியிருப்பவர்களைவிடப் பயணிகளுக்கான படுக்கைகள் அதிகமாகிவிட்ட ஊர் அது. பழைய சிறு விடுதிகள் நிறைய இருக்கும்போது ஒரு குடும்பம் வாழ வேண்டிய வீட்டை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விடுதியில் தங்குவதற்கு நகராட்சி வரி உண்டு, தரத்தைப் பொறுத்துத் தொகை மாறும், முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டுமே.

படகுகள்

வாப்பரெட்டோ ஒரு பயணம் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ. இப்படித் தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. 24 மணி நேரச் சீட்டு 25, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45, ஏழு நாளுக்கு 65 யூரோ. ஐந்து இரவு தங்குபவருக்கு ஏழு நாள் சீட்டே மலிவு. 6 முதல் 29 வயதுவரை உள்ளவர்கள் இளைஞர் அட்டை வாங்கி 72 மணி நேரச் சீட்டைக் குறைந்த விலையில் பெறலாம். சீட்டு கையில் இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் துறையிலுள்ள கருவியில் தொட வேண்டும். ஒருமுறை தொட்டால் போதும் என்று நினைத்துப் பலர் அபராதம் கட்டுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து வரும் அலிலகூனா படகுக்கு இந்தச் சீட்டு செல்லாது. அந்தப் படகில் சான் மார்க்கோ வரை ஒன்றரை மணி நேரம்போல ஆகும். அவசரமென்றால் பேருந்தில் பியாட்சாலே ரோமா வந்து அங்கிருந்து வாப்பரெட்டோ பிடிக்கலாம்.

1-ஆம் எண் படகு பெருங்கால்வாயில் ஒவ்வொரு துறையிலும் நின்று போகும். பகலில் அதில் நிற்க இடமிருக்காது. இரவு எட்டுக்கு மேல் பியாட்சாலே ரோமாவில் ஏறினால் அரண்மனைகளின் விளக்கெரியும் ஓவியக் கூரைகள் தண்ணீரிலிருந்தே தெரியும், முன்புறத்தில் வெளி இருக்கை உள்ள படகு வந்தால் இன்னும் நல்லது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கன்னரேஜோ கால்வாயின் பாலங்களுக்கு அடியே படகு நுழைய முடியாமல் 4.1, 4.2, 5.1, 5.2 வழிகள் மாற்றப்படும். ஊர் திரும்பும் நாளில் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும், விமானத்தைத் தவறவிடுவது இதனால்தான். கோண்டோலாவுக்குப் பகலில் 30 நிமிடம் 90 யூரோ என்பது நகராட்சி நிர்ணயித்த விலை, ஒரு படகுக்கு, ஆளுக்கு அல்ல. பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் திராகெத்தோ படகு 2 யூரோதான். சாந்தா சோஃபியா துறையிலிருந்து நேரே ரியால்டோ சந்தையில் இறக்கிவிடும். பனிமூட்டத்திலும் உயர்ந்த ஓதத்திலும் அது ஓடாது.

டொர்செல்லோ தீவுக்கு அரை நாள் ஒதுக்கியே ஆக வேண்டும். ஃபொந்தமெந்தே நோவேயிலிருந்து 12-ஆம் எண் படகில் முக்கால் மணி நேரத்தில் புரானோ தீவு, அங்கிருந்து எதிரே ஐந்து நிமிடம். 639-இல் நிறுவப்பட்ட ஆலயம், உள்ளே மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பின் மொசைக். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குடியிருக்கிறார்கள். காயலில் வண்டல் சேர்ந்து மலேரியா பரவியதும் ஊர் காலியானது. புரானோவை முதலில் பார்த்தால் அங்கேயே நேரம் போய்விடும். முதலில் டொர்செல்லோ, பிறகு புரானோ.

ஆலயங்களில் ஓவியங்களுக்கு விளக்குப் போட நாணயம் கேட்கும் பெட்டிகள் இருக்கும். 50 சென்ட், 1 யூரோக் காசுகள் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், நவம்பர் இருட்டில் இது இன்னும் அவசியம். சான் சக்கரியாவில் பெல்லினி 1505-இல் வரைந்த பீட ஓவியத்தைப் பார்த்துவிட்டு, கீழே நிலவறைக்கும் இறங்குங்கள். அது பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. சான் ரோக்கோவில் திந்தொரெத்தோ 1564 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் வரைந்த கூரை ஓவியங்களை நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கக் கண்ணாடிகள் அங்கேயே வைத்திருக்கிறார்கள். மீன் சந்தைக்கு ஞாயிறு, திங்கள் விடுமுறை. குகன்ஹைம் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும். பேராலயத்துக்குள் ஞாயிறு காலை பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

சாப்பாடு, 11-ஆம் தேதி, 21-ஆம் தேதி

மீன் சாப்பிடுபவர்களுக்கு நவம்பர் நல்ல காலம். ஓடு கழற்றிய நேரத்தில் பிடிக்கும் மொயேக்கே நண்டு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மட்டுமே கிடைக்கும். மத்தியைப் பொரித்து வெங்காயம், வினிகர், உலர்திராட்சையோடு ஊறவைக்கும் சர்தே இன் சாஓர் ஆண்டு முழுவதும் உண்டு, சமைத்த மறுநாள்தான் அதற்குச் சுவை கூடும். பாக்கரோ எனப்படும் சிறு கடைகளில் நின்றபடியே சிக்கெத்தி எனும் சிறு தீனிகளைச் சாப்பிடலாம், மாலை ஆறு மணிக்குப் போனால் எல்லாம் புதிதாக இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பிகொலி இன் சால்சாவில் ஏமாறக் கூடாது. பார்க்க வெங்காயம் போட்ட சேமியாபோல் இருக்கும், அதில் நெத்திலி கரைந்திருக்கிறது. பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பைச் சாறு சேர்வதும் பலருக்குத் தெரியாது. அவர்களுக்குத் த்ரெவீசோவிலிருந்து வரும் செந்நிற ராதிக்கியோ கீரை, பூசணி போட்டுக் குழைய வேகவைத்த அரிசியான ரிசோத்தோ, சோளக் களியான பொலெந்தா உண்டு. ரிசோத்தோவின் சாறு எதில் செய்தது என்று கேட்டுவிட வேண்டும். உட்கார்ந்து சாப்பிட்டால் தலைக்கு ஒரு மேசைக் கட்டணம் பில்லில் சேரும், அதில் ஏமாற்று எதுவுமில்லை. சாந்தா மார்கரீத்தா சதுக்கத்தில் விற்கக்கூடிய மீன்களின் குறைந்தபட்ச நீளத்தைச் செதுக்கிய பழைய கல் இன்னும் இருக்கிறது: விலாங்கு 25 செ.மீ., சிப்பி 5 செ.மீ. காயலைக் காப்பாற்ற அன்றே விதி போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். குழந்தைகள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு சந்துகளில் கடைகடையாகப் பாடிப் போவார்கள், அடுமனைகளில் குதிரைவீரன் வடிவப் பெரிய பிஸ்கட் சர்க்கரைப் பூச்சோடு அடுக்கியிருக்கும். ஆனால் தேதி குறிக்க வேண்டியது 21-ஐச் சுற்றி. 1630-இல் கொள்ளைநோய் நகரின் மூன்றில் ஒரு பங்கு மக்களைக் கொண்டுபோனது. நோய் நீங்கினால் கோயில் கட்டுவதாக நகர ஆட்சி நேர்ந்துகொண்டது. பால்தசாரே லொங்கேனா என்ற இளம் கட்டடக் கலைஞரின் திட்டம் தேர்வானது, அவர் ஆயுள் முழுக்க அதைக் கட்டினார், 1687-இல் அது புனிதப்படுத்தப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அதுதான் பெருங்கால்வாயின் முகப்பில் நிற்கும் சலூத்தே. ஒவ்வொரு நவம்பர் 21-ஆம் தேதியும் ஊர் மக்கள் நேர்த்திக்கடனைச் செலுத்த அங்கே வருகிறார்கள். அதற்காகவே சாந்தா மரியா தெல் ஜீலியோ பக்கத்திலிருந்து பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் ஒன்று சில நாட்களுக்கு நிற்கும். வெளியூர்ப் பயணிகளைவிட ஊர்க்காரர்கள் அதிகமாகத் தெரியும் அபூர்வமான நாள்.

அன்று மாலை நாலுக்கு மேல் பாலத்தில் நெரிசல் அதிகம். காலை ஒன்பதுக்கு முன் போனால் நிதானமாகக் கடக்கலாம். வாசலில் மெழுகுவத்தி வாங்கி உள்ளே உதவியாளரிடம் கொடுத்தால் அவரே ஏற்றி வைப்பார். வரிசை நீளமாதலால் கொஞ்ச நேரத்தில் அணைத்து எடுத்துவிடுவார்கள், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆலயத்தின் பின்புறம் பலகாரக் கடைகளும் பலூன்களும் வரிசை கட்டியிருக்கும். அன்றைய உணவு கஸ்த்ரதீனா: உப்பிட்டுப் புகையூட்டிய செம்மறித் தொடையை நாட்கணக்கில் வேகவைத்து, சுருள் முட்டைக்கோஸ் சேர்த்துச் செய்யும் சூப். கொள்ளைநோய்க் காலத்தில் டால்மேஷியக் கரையிலிருந்து வந்த இறைச்சி ஊரைக் காத்தது என்பது ஊர்வழக்கு. இந்த ஓரிரு வாரம் தவிர மற்ற நாட்களில் அது கிடைக்காது, ஆகவே உணவகத்தில் முன்பதிவு செய்யும்போதே கஸ்த்ரதீனா வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். அறையைப் பதிவு செய்வதும் 17 அல்லது 18 முதல் 23 காலைவரை இருந்தால்தான் பாலத்தை விழாவுக்கு முன்பே பார்க்கலாம், விழா முடிந்த மறுநாள் ஊர் ஓய்ந்திருப்பதும் கிடைக்கும். 22-ஆம் தேதியை எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டுவைப்பதாக இருக்கிறேன், அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துத்தான் டொர்செல்லோவா சான் ரோக்கோவா என்று முடிவு.